வடக்குக் கால்

காற்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கம்பத்து உச்சியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக வரிபோட்ட காற்றுப்பை, காலையில் நன்றாக உப்பிக்கொண்டு கடல் பக்கம் நீட்டி நின்றது, இப்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி தொங்குகிறது, ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிப் பார்க்கிறது, வேண்டாம் என்று விழுந்துவிடுகிறது. காத்து ஒரு பக்கமா நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் கேப்டன் சந்தானகிருஷ்ணன் ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார், கதவு முழுசாகச் சாத்தவில்லை, ஃபேன் சத்தம் வருகிறது. விமானம் நிறுத்தும் கொட்டகையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எப்சிபா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதும் மடியில் கவிழ்ப்பதும் திரும்ப எடுப்பதுமாக. இன்றைக்கு நல்லபடியாக ஒரு சுற்று கூடவே வந்து பார்த்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு அவளைத் தனியாக விடுவார் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. தனியாக என்றால் பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமல், அவளும் இன்ஜினும் மட்டும். அதற்குத்தானே இத்தனை பாடும். ஆனால் அந்த ஒரு விஷயத்தை அவரிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் நிறுத்திவிடுவாரோ. சொல்லாமல் போனால், மேலே போய், ஐயோ மேலே எங்கே போய், தரையிலேயே, ஓடுபாதையிலேயே அது வந்துவிட்டால்? கேட்க ஆள் இல்லாமல்தான் நேற்று செல்போனில் வானோடிக் கூட்டம் என்கிற குழுவில் போய்ச் சேர்ந்தாள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இருக்கிறார்களாம், விமானம் ஓட்டுகிறவர்கள், ஓட்டி ஓய்ந்தவர்கள், ஓட்டாமலே பேசுகிறவர்கள். சொந்தப் பேரைப் போடப் பயந்து புதுக்குஞ்சு என்று போட்டாள். வணக்கம், புதிதாகப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன், எனக்கு வலது இடது திடீர் திடீரென்று மாறிப்போகிறது, ரட்டர் மிதியைத் தப்பான காலால் மிதித்துவிடுகிறேன், இதைச் சொல்லிக்கொடுக்கிறவரிடம் சொல்லலாமா, சொன்னால் நிறுத்திவிடுவாரா, தயவுசெய்து சொல்லவும். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது யாரோ வேற்று ஆளுக்கு வந்த வியாதி மாதிரி இருந்தது.

பதில்கள் வந்திருந்தன. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரன்வே ராஜா என்று ஒருவர் எழுதியிருந்தார், தம்பி, செருப்பை மாத்திப் போடாம தினம் வீடு போய்ச் சேர்றியா? அதுவே பெரிய சாதனைதான். அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக. அவளைத் தம்பி என்றே முடிவுபண்ணிவிட்டார்கள், அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், அடி விழுவது அந்தத் தம்பி முதுகில்தானே. இன்னொருவர், அடையாளத்துக்கு ஒரு கட்டைவிரலில் மருதாணி வைத்துக்கொள்ளச் சொன்னார். உடனே மற்றவர், தம்பிக்கு மருதாணி வச்சா வளைகாப்பும் பண்ணிடலாமே என்றார். கழுகுக்கண் என்கிறவர், சொல்லவே சொல்லாதே, சொன்னா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, அதோட உன் கதை முடிஞ்சுது என்றார். அடுத்தவர், கண்டிப்பா சொல்லு, மேலேருந்து கீழ வர ஆயிரம் வழி இல்ல என்றார். எனக்கும் இந்தக் கோளாறு இருந்துச்சு, கல்யாணம் ஆனதும் சரியாயிருச்சு என்று ஒருவர். அப்ப இப்ப வலது இடது எல்லாம் வீட்டம்மா சொல்லுதாங்களோ என்று அவரைச் சீண்டி ஒருவர். இதில் எதைப் பிடித்துக்கொள்வது? சொல்லு, சொல்லாதே, மருதாணி, கல்யாணம். அவள் கேட்டது ஒன்று, அவர்கள் அதை வைத்து விளையாடுவது ஒன்று, ஆனாலும் சிரிப்பு வந்தது, சிரித்ததும் பயமும் சேர்ந்து குலுங்கியது. கடைசியாக ஒன்று வந்திருந்தது. வேப்பமரம் என்று பேர், படம்கூட இல்லை. எந்தெந்த நாள் தப்பாச்சு, எந்தெந்த நாள் சரியாச்சு, கொஞ்சம் யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அவ்வளவுதான். கூட்டத்தில் இவர் ஒருவர்தான் வாங்க போங்க போட்டிருந்தார்.

எந்தெந்த நாள். அது என்ன அஷ்டமி நவமியா, நாள் பார்த்து வர? வந்த நாளெல்லாம் வந்தது. முதலில் வரவே இல்லையே, அதுதான் ஆச்சரியம். சேர்ந்த புதிதில் காலை வகுப்பு, பனி விலகும் முன்னால் ஏறிவிடுவார்கள். முன்னாலுள்ள விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், இடது பக்கம், அதை விடாமல் வலது காலால் ரட்டர் மிதியை மிதித்து, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி நேராக்க வேண்டும், எல்லோரும் முதல் வாரம் கோணிக்கொண்டுதான் ஓடுவார்கள், இவள் நூல் பிடித்தமாதிரி ஓட்டினாள். உனக்குக் கால்ல கண்ணு இருக்கும்மா என்று கேப்டன் சார் சொன்னார். அதைக் கேட்டு அன்று முழுக்கக் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் மத்தியான வகுப்புக்கு மாற்றினார்கள். ஒரு நாள் ஓடத் தொடங்கினதும் மூக்கு இழுத்தது, இவளும் மிதித்தாள், நேராவதற்குப் பதில் இன்னும் வெட்டிக்கொண்டு ஓரத்துப் புல்லையும் அதற்கப்பால் பள்ளத்தையும் பார்த்துப் போயிற்று. ரைட் ரட்டர், ரைட், ரைட் என்று சார் கத்துகிறார். ரைட் என்றால் வலது. வலது என்றால் சோத்தாங்கை. சோறு எந்தக் கையால் சாப்பிடுகிறோமோ அந்தக் கை, சின்னதிலிருந்து அப்படித்தான் அவள் கண்டுபிடிப்பது, கை தானாக வாய்ப்பக்கம் கொஞ்சம் எழும், எழுந்த கை எதுவோ அதுதான் வலது. அதற்குள் சார் தன் மிதியை ஓங்கி மிதித்து நேராக்கிவிட்டார், பிறகு அவள் வாயருகில் நின்ற கையைப் பார்த்தார். என்னம்மா, வாந்தி வருதா? எப்சிபா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டவில்லை. இல்லை என்றும் ஆட்டவில்லை. நம் ஊர் தலையாட்டல் இருக்கிறதே, அதை அவரவர் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாம், அவர் வாந்தி என்று எடுத்துக்கொண்டார். அது பொய்யா? வாயால் சொன்னால்தானே பொய்? ராத்திரி ஜெபத்தில் முழங்காலில் நின்று அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறாள், தெரிந்தவர் வீட்டு வாசலைப் பார்க்காததுபோல் தாண்டுவோமே, அப்படி. அடுத்த நாள் சார் இஞ்சி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். இதை வாயில போட்டுக்கோ, எனக்குத் தெரிஞ்ச பெரிய பெரிய பைலட்டுக்கெல்லாம் இதுதான் மருந்து. அன்றைக்கு நன்றாக ஓட்டினாள். பாத்தியா, மிட்டாய் வேலை செய்யுது என்றார். அதற்கு அடுத்தும் நன்றாக ஓட்டினாள். நடுவில் ஒரு நாள் மறுபடி வெட்டிக்கொண்டு போனது, அன்றைக்கு மிட்டாய் போட மறந்திருந்தாள், ஆகவே அவருக்கு சந்தேகமே இல்லாமல் போயிற்று. இத்தனைக்கும் அவர் நல்ல மனுஷன். கெட்டவராக இருந்தால் ஏமாற்றுவது இத்தனை உறைக்காது.

வலது இடது என்கிற இந்த இழவு தனக்கு மட்டும் ஏன் உடம்பில் ஏறவில்லை. ஞாயிறு பள்ளியில் நாடகம் போட்டார்கள், செம்மறிகள் எல்லாம் வலது பக்கம், வெள்ளாடுகள் இடது பக்கம் நிற்க வேண்டும், அவள் செம்மறி, பஞ்சு ஒட்டின சட்டையோடு நேராகப் போய் வெள்ளாட்டுக் கூட்டத்தில் நின்றுகொண்டாள். டீச்சர் கையைக் காட்டுகிறார், இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று, அவர் வலதா தன் வலதா என்று இவள் முழிக்கிறாள். சபையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, ஆண்டவருக்குத் தெரியும் நீ எதுன்னு, வா, என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் லெஃப்ட் ரைட் போடும்போது முன்னால் போகிற பிள்ளையின் காலைப் பார்த்துப் பார்த்தே வருஷங்களை ஓட்டினாள். பைக் ஓட்டுவாள், ஒரு நாள் தப்பாகத் திரும்பினதில்லை. அங்கே யாரும் வலது இடது சொல்வதில்லையே, தேரி மணல்மேட்டுக்கு மேக்கால திரும்பு, கோயிலுக்கு வடக்கால போ, அவ்வளவுதான். சென்னையில் முதல் தடவை மெடிக்கல் டெஸ்டுக்குப் போனபோது ஆட்டோக்காரரிடம், அண்ணே அந்த முக்குல தெக்கால திரும்புங்க என்றாள். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இன்னாம்மா, நான் ஆட்டோ ஓட்றனா கப்பல் ஓட்றனா? லெஃப்டா ரைட்டா, அத்தச் சொல்லு. அவள் கை வாயருகே எழுந்தது. பசிக்குதா, டீ சாப்டுப் போலாமா என்றார். அதை ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமாகத்தானே இருந்தது, இதுவரைக்கும். எந்தெந்த நாள் தப்பாச்சு. அந்த வேப்பமரம் ஏன் அப்படிக் கேட்டது. வெள்ளிக்கிழமை தப்பு. வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டாள், நெத்திலிக் குழம்பு. அதற்கும் காலுக்கும் என்ன. மிட்டாய் போடாத நாள் தப்பு. முதன்முதலில் தப்பான நாள், வெயில், வியர்வை, உதட்டில் உப்பு. வெள்ளிக்கிழமையும் உப்பு. உப்பா? எதையோ பிடித்தமாதிரி இருந்து வழுக்கிவிட்டது. காற்றுப்பை ஓரத்தைத் தூக்கியது, போட்டது.

போன் அதிர்ந்தது. அம்மா. இந்த நேரத்தில் நேரடியாகக் கூப்பிட மாட்டாளே, ஏறப்போகிற நேரம் என்று பயந்து குறுஞ்செய்திதான் அனுப்புவாள், அதுவும் ஸ்தோத்திரம் என்று ஒரே வார்த்தை. "ஏட்டி எப்சி, ஏறிட்டியா?" "ஏறிட்டா எப்படிம்மா போன் எடுப்பேன்?" "அதான பாத்தேன். சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "ஒன் குரலு ஏன் இப்பிடி இருக்கு?" "எப்பிடி இருக்கு?" "கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. பயமா இருந்தா சொல்லு, நம்மளுக்கு ஒண்ணும் கட்டாயம் இல்ல. ஒங்க அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க, அது அவங்க பாடு." "பயமில்லம்மா." "சரி, கேளு. நான் மாடில துணி எடுக்க வந்தேன். இங்கனயே நின்னு ஜெபம் பண்ணப் போறேன். நீ மேக்கப் பாத்து ஏறுவியா, கெழக்கப் பாத்து ஏறுவியா? எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன்." "எந்தப் பக்கம் நின்னா என்னம்மா, ஆண்டவருக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான." "அவருக்கு ஒண்ணுதாம்ட்டி. எனக்கு வேண்டாமா?" எப்சிபா சிரித்துக்கொண்டே, அது காத்தப் பொறுத்ததும்மா, காத்துக்கு எதுத்தாப்புலதான் ஏறணும், காலைல கரக்காத்து அடிச்சா மேக்கப் பாத்து, மத்தியானம் கடல்காத்து வந்துட்டா கெழக்கப் பாத்து, என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். உதட்டில் உப்பு. கடல்காற்று. "ஏட்டி? இருக்கியா?" "இருக்கேன். அம்மா, நான் பிறகு கூப்பிடுதேன்." "எந்தப் பக்கம்னு சொல்லலியே." "தெரியலம்மா. இன்னும் தெரியல."

வெள்ளிக்கிழமை கடல்காற்று. முதல் தப்பான அன்றைக்கும் கடல்காற்று. மிட்டாய் மறந்த அன்றைக்கு? அன்றைக்குக் கடல் நேரே கண்ணுக்கு முன்னால் வெள்ளித் தகடு மாதிரி கூசியது, ஆமாம், கிழக்கே பார்த்து ஓடியிருக்கிறார்கள். சரியான நாளெல்லாம்? காலை, காலை, காலை, எல்லாம் மேற்கே பார்த்து. மத்தியானத்தில் சரியாக ஓட்டின நாட்கள்? மேல்காற்று விடாமல் அடித்து கடல்காற்றை உள்ளே வரவிடாத நாட்கள், மண் கண்ணில் விழுந்ததே. அதுவும் மேற்கு. அப்படியென்றால் என்ன? அப்படியென்றால் ஒன்றுமில்லை, கடல்காற்று அவளுக்கு ஆகாது, அவ்வளவுதானா, சளிப்பிடிக்கிறவர்களுக்கு மோர் ஆகாதது மாதிரி? அவள் எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு மேற்கே பார்த்து நின்றாள். கண்ணை மூடினாள். இன்ஜின் சத்தத்தை மனசுக்குள் கொண்டுவந்தாள், உடம்பெல்லாம் அதிர்கிறது, மூக்கு இழுக்கிறது, மிதி. மிதித்தாள். கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கால். சரி. இப்போது சுற்றிக் கிழக்கே பார்த்து நின்றாள். மறுபடி கண், சத்தம், இழுப்பு, மிதி. குனிந்து பார்த்தாள். மறுபடியும் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கால். தண்ணீர்த் தொட்டி கொட்டகைக்கு வடக்கே இருக்கிறது. அது நகரவில்லை. அவள்தான் திரும்பியிருக்கிறாள். அப்படியானால் முதலில் மிதித்த கால் வேறு, இப்போது மிதித்த கால் வேறு, ஆனால் இரண்டும் ஒரே பக்கத்துக் கால். முதல் வாரமே உடம்பு படித்துக்கொண்டது வலது கால் என்று இல்லையா? வடக்குக் கால் என்றா? மேற்கே பார்த்து ஓடினால் வடக்குக் கால்தான் வலது கால், சார் மெச்சிக்கொண்டார். கிழக்கே பார்த்து ஓடும்போதும் அந்த முட்டாள் உடம்பு வடக்குக் காலையே மிதிக்கிறது, இப்போது அது இடது கால், அதனால்தான் நேராகாமல் இன்னும் வெட்டிக்கொண்டு போகிறது. இது வியாதியா? டாக்டரிடம் சொன்னால் என்ன பேர் வைப்பார்? மனுஷிக்கு வலது இடது இல்லை, தெற்கும் வடக்கும்தான் இருக்கிறது என்றால் சிரிப்பார்களா? வேப்பமரத்துக்கு எழுத வேண்டும் என்று போனை எடுத்தாள், கடல்காத்து அன்னைக்கு எல்லாம் என்று ஆரம்பித்து, அழித்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதி, அதையும் அழித்தாள். என்ன கண்டுபிடித்தாள். சரி, கண்டுபிடித்தது நிஜமானால் விஷயம் முடிந்தது, கிழக்கே பார்த்து ஓடும்போது தெற்குக் கால் என்று நினைத்துக்கொண்டால் போதும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், வாந்தி வாந்தியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நினைத்துக்கொண்டால் போதுமா? இன்ஜின் அலறும்போது நினைக்க யார் இருக்கிறார்கள், கால்தானே இருக்கிறது. கால் மாறுமா? தெற்கு, தெற்கு என்று சொல்லிக்கொண்டே மறுபடி கண்ணை மூடி மிதித்தாள். பார்த்தாள். தெற்கு. மறுபடி மிதித்தாள். வடக்கு. மறுபடி. பார்க்கப் பயமாக இருந்தது.

உதட்டில் உப்புக் கரித்தது. நிமிர்ந்தாள். காற்றுப்பை எழுந்துவிட்டது, சந்தேகமே இல்லாமல் முழுசாக உப்பி, வாலை மேற்கே நீட்டிக்கொண்டு. கடல்காற்று. ஆபீஸ் கதவு திறந்தது.

"வந்துடுச்சுப்பா நம்ம ஆளு," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கேப்டன் வந்தார். கையில் இஞ்சி மிட்டாய். "என்ன எப்சிபா, நாற்காலிகிட்ட டான்ஸ் ஆடிட்டிருந்தே, ஜன்னல்ல பாத்தேன். நான் கூட வரல இன்னிக்கு. முதல் சுத்தே நீ தனியாப் போ. ஒரே ஒரு சுத்து. ஏறு, சுத்து, எறங்கு. இந்தா, வாயில போடு."

கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இதற்காக அங்கே அம்மா மாடியில் எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நடந்தால் தீர்ந்தது. பத்து எட்டு தள்ளி விமானம் நிற்கிறது. பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். மூக்கு இழுக்கும். ஓங்கி மிதிக்க சாரின் கால் இருக்காது.

"சார், நான் தனியாப் போகல."

"ஏன், வயித்தப் புரட்டுதா?"

"வயித்துக்கு ஒண்ணுமில்ல சார். ஒரு நாளும் ஒண்ணுமில்ல." அவர் மிட்டாயை நீட்டினபடி நின்றார். அவள் சொன்னாள், முன்னும் பின்னுமாக, சோத்தாங்கையில் ஆரம்பித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், வெள்ளிக்கிழமைக்கு வந்து, மறுபடி தண்ணீர்த் தொட்டிக்கு. அவர் முகத்தில் ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. "இரு, இரு. வடக்குக் கால்னா?" அவள் மேற்கே திரும்பி ஒரு காலைத் தூக்கினாள். கிழக்கே திரும்பி மற்றக் காலைத் தூக்கினாள். "ரெண்டும் வடக்குக் கால் சார்." அவர் அவள் காலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"அப்ப வாந்தி?"

"வரல சார்."

"மிட்டாய்?"

"நல்லா இருந்துச்சு சார்."

அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. ஓடுபாதை ஓரத்துப் பள்ளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தனியா விட்டிருப்பேன்," என்றார். "கையசைச்சு அனுப்பிட்டு இங்க நின்னு பாத்திட்டிருந்திருப்பேன்." மிட்டாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு இல்ல. நாளைக்கும் இல்ல. எப்பன்னு கேக்காத." உள்ளே ஏதோ அறுந்து விழுந்தமாதிரி இருந்தது, கூடவே மூச்சு நன்றாக வந்தது, இது என்ன உடம்பு, எதற்கு அழ வேண்டும் எதற்கு மூச்சுவிட வேண்டும் என்றுகூடத் தெரியாத உடம்பு. வீட்டுக்குப் போகச் சொல்கிறாரோ என்று பையை எடுத்தாள். "பை எதுக்கு? ஏறு. நானும் வர்றேன். எத்தன தடவ ஏறி எறங்கினா அந்தக் காலு அடங்குதுன்னு பாப்போம்."

ஓடுபாதையின் முனையில் கிழக்கே பார்த்து நின்றபோது கடல் கண்ணைக் கூசியது. முழு வேகம் கொடுத்தாள். உடம்பெல்லாம் அதிர்ந்தது, மூக்கு மெல்ல வடக்கே இழுக்கத் தொடங்கியது. ஹெட்செட்டில், "ரைட் ரட்..." என்று ஆரம்பித்த கேப்டன் சட்டென்று நிறுத்தினார். "ரைட் இல்ல, உனக்கு... இரு... கடல் முன்னால, அப்ப இது... தெ..." என்று தடுமாறினார். அவர் கை ஒரு பக்கம் எழுந்தது, இறங்கியது, மறுபக்கம் எழுந்தது, கால் மிதிக்கே போகவில்லை. அவர் தெற்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சக்கரங்கள் தரையை விட்டிருந்தன, நேராக.